கரையும் தையலா, பிரிக்கும் தையலா?

(செம்பாக்கத்தில் நடைபெற்ற மருத்துவ ஊழிய ஆதரவாளர் கூட்டத்தில் நமது அறுவை சிகிச்சை மருத்துவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆஸ்பத்திரியைப் பற்றிப் பேச அழைத்தால் பெரிய பெரிய ஆபரேஷன்களைப் பற்றித்தான் பேசுவேன் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு முழ நீளமுள்ள நூல். அவசரப் பிரிவில் காயத்தோடு வருகிறவர்கள் எங்களிடம் கேட்கும் முதல் கேள்வி "வலிக்குமா?" என்பது. இரண்டாவது கேள்வி, "டாக்டர், இது கரைகிற தையலா, பிரிக்கிற தையலா?" என்பது. முதல் கேள்விக்கு மரத்துப்போகும் ஊசி இருக்கிறது. இரண்டாவது கேள்வியைப் பெரும்பாலும் தாய்மார்கள்தான் கேட்கிறார்கள். பிரசவத்தின்போது தங்களுக்குப் போட்ட தையல் தானாகவே கரைந்துபோனது அவர்களுக்கு நினைவிருக்கிறது. அதே நூலை என் பிள்ளையின் நெற்றிக்கும் போட்டால் என்ன, ஏன் மறுபடியும் அழவைத்துப் பிரிக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். இது நியாயமான கேள்வி. பல வருடங்களாக நாங்கள், "தோலுக்கு அது ஆகாது அம்மா" என்று ஒரே வரியில் பதில் சொல்லிவந்தோம். அந்தப் பதில் இன்று முழுவதும் சரியல்ல. ஏன் என்பதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில் தையல் என்ன செய்கிறது என்று பார்ப்போம். தையல் காயத்தை ஆற்றுவதில்லை. தோல் தன்னைத்தானே ஒட்டிக்கொள்கிறது. அதுவரை இரண்டு ஓரங்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருப்பது மட்டுமே நூலின் வேலை. புதுச் சுவர் இறுகும்வரை கொத்தனார் முட்டுக் கொடுக்கிறாரே, அதுபோல. எத்தனை நாள் முட்டுக் கொடுக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. வெட்டுப்பட்ட தோல் இரண்டு வாரம் ஆனபிறகும் தன் பழைய பலத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கைத்தான் பெற்றிருக்கும். மூன்று மாதத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் வந்துசேரும். அதற்குமேல் எவ்வளவு காலம் காத்திருந்தாலும் முழு நூறு வருவதில்லை. ஆனால் அன்றாட அசைவுகளுக்கு அந்தப் பத்தில் ஒரு பங்கே பெரும்பாலும் போதும். அதனால்தான் முகத்தில் போட்ட தையலை ஐந்து நாளில் பிரிக்கிறோம். தலையிலும் கையிலும் ஏழு முதல் பத்து நாள். காலிலும் மூட்டுகளின் மேலும் பத்து முதல் பதினான்கு நாள். முகத்தில் ரத்த ஓட்டம் அதிகம், சீக்கிரம் கூடும். காலில் அது குறைவு.

நூல்களில் இரண்டு ஜாதி உண்டு. உடம்புக்குள் கரைவது ஒன்று, கரையாதது ஒன்று. கரையாதவை நைலான், பாலிப்ரோப்பிலீன், பட்டு முதலியவை. நைலானிலும் ஒரு விஷயம் உண்டு. அதை உடம்புக்குள்ளேயே விட்டுவைத்தால் வருடத்துக்கு வருடம் கொஞ்சம் பலம் குறையும். ஆனால் தோலில் ஒரு வாரம் இருக்கப்போகிற நூலுக்கு அது ஒரு பொருட்டல்ல.

கரையும் நூலின் கதை பழையது. நம் நாட்டுச் சுசுருத சம்ஹிதையிலேயே காயம் தைக்கும் ஊசிகளின் வகைகளும், பருத்தி, நார், மயிர், நரம்பு போன்ற நூல்களும் சொல்லப்பட்டிருக்கின்றன. குடல் கிழிந்தால் பெரிய எறும்புகளைக் கடிக்கவிட்டு, உடலைக் கிள்ளி எறிந்து, தலையை மட்டும் உள்ளே விடும் முறையும் அதில் உண்டு. எறும்புத் தலை உள்ளே கரைந்துவிடும். அக்காலத்துக் கரையும் தையல் என்று அதைச் சொல்லலாம்.

பிற்காலத்தில் கேட்கட் என்ற நூல் வந்தது. பெயரைக் கேட்டுப் பூனையை நினைத்துவிடாதீர்கள். அது ஆட்டுக் குடலிலிருந்தும் மாட்டுக் குடலிலிருந்தும் எடுக்கப்படுவது. இதைப் பாதுகாப்பாகப் பயன்படுத்த வழி கண்டவர் ஜோசப் லிஸ்டர். குவேக்கர் கிறிஸ்தவக் குடும்பத்தில் 1827-ல் பிறந்தவர். 1865-ல் கிளாஸ்கோ நகரில், வண்டிச் சக்கரம் ஏறி எலும்பு முறிந்து தோலைக் கிழித்துக்கொண்டு வந்த 11 வயதுப் பையனுடைய காலைக் கார்பாலிக் அமிலத்தால் கட்டிக் காப்பாற்றியவர் அவர். அந்த நாட்களில் அப்படிப்பட்ட காலை வெட்டி எடுப்பதே வழக்கம். 1868 கடைசியில் அவர் ஒரு கன்றுக்குட்டியின் கழுத்து ரத்தக்குழாயைக் கார்பாலிக்கில் ஊறவைத்த குடல் நூலால் கட்டி, ஒரு மாதம் கழித்துத் திறந்து பார்த்தார். சீழ் இல்லை. நூல் இருந்த இடத்தில் உயிருள்ள திசு வளர்ந்திருந்தது. பிறகு, சீக்கிரம் கரைந்துவிடாமல் இருக்க நூலைக் குரோமியம் உப்பில் பதப்படுத்தும் வழியையும் கண்டார். தையல் ஒரு கிருமிக்கூடாக இருந்த நிலை மாறியது இப்படித்தான்.

ஆனாலும் கேட்கட்டில் ஒரு குறை. அது மிருகப் புரதம். உடம்பு அதை அந்நியப் பொருளாக நினைத்துச் செரித்து அழிக்கிறது. செரிக்கும்போது சுற்றிலும் சிவந்து வீங்கும். ஒருவருக்கு ஒரு வாரத்தில் பலம் போகும், இன்னொருவருக்கு இரண்டு வாரம் நிற்கும், கணக்கு ஒத்துவராது. ஆகவே, "உள்ளே தைக்கக் கரையும் நூல், வெளியே தைக்க நைலான்" என்று எங்கள் ஆசிரியர்கள் கற்றுக்கொடுத்தார்கள். அந்தக் காலத்து நூலுக்கு அது சரியான போதனையே. 1970 வாக்கில் பாலிகிளைகாலிக் அமிலத்தால் செய்த நூல்கள் விற்பனைக்கு வந்தன. சில வருடங்களில் விக்ரில் வந்தது. இவை மிருகத்திலிருந்து வருபவை அல்ல. திசுவில் உள்ள ஈரமே இவற்றை மெதுவாகப் பிரித்துக் கரைக்கிறது. வீக்கம் குறைவு, கரையும் நாளும் கணக்காக இருக்கும். சாதாரண விக்ரில் மூன்று வாரத்திலும் பாதிப் பலத்தோடு நிற்கும், முழுவதும் மறைய இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். இது தோலின் மேல்புறத்துக்கு அதிக காலம். அதன் தம்பியான ரேப்பிட் வகை ஐந்து நாளில் பாதிப் பலத்தை இழந்து, இரண்டு வாரத்துக்குள் பலமே இல்லாமல் போகும். முகத்துக்கும் குழந்தைகளுக்கும் ஏற்றது இதுதான். ஐரோப்பாவில் மாட்டுப் பைத்தியநோய்ப் பயத்தால் 2001-ல் குடல் நூலை நிறுத்திவிட்டார்கள். நம் நாட்டில் அது இன்னும் முழுவதும் மறையவில்லை.

நூல் மாறியது, போதனை மட்டும் மாறவில்லை. பிறகுதான் சிலர் இதை முறைப்படி சோதித்துப் பார்த்தார்கள். 2004-ல் வெளியான ஓர் ஆய்வில், அவசரப் பிரிவுக்கு வெட்டுக்காயத்தோடு வந்த பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்குக் குடல் நூலாலும் மறுபகுதியினருக்கு நைலானாலும் தைத்தார்கள். சில மாதம் கழித்து, எந்த நூல் என்று அறியாத மருத்துவர் தழும்பைப் பார்த்து மதிப்பெண் கொடுத்தார். பெரிய வித்தியாசம் இல்லை. 2008-ல் பிள்ளைகளின் முகக் காயங்களுக்கு மட்டும் இதே போல் செய்து பார்த்தார்கள். அதிலும் அப்படியே. 2016-ல், இப்படிப்பட்ட 19 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து, மொத்தம் 1,748 நோயாளிகளின் விவரங்களைக் கூட்டிப் பார்த்த கட்டுரை வந்தது. ஆபரேஷன் காயங்களும் அதில் அடங்கும். கிருமித் தொற்று, தழும்பின் அழகு, தையல் விட்டுப்போதல், நோயாளியின் திருப்தி ஆகிய எதிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. பழைய குடல் நூலே நைலானுக்குச் சமமாக நின்றது என்பதுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அப்படியானால் எதை வைத்துத் தீர்மானிப்பது? என்னுடைய தாழ்மையான கருத்து இது: சாதாரண, சுத்தமான வெட்டுக்காயத்தில், இந்த நோயாளியால் திரும்பி வர முடியுமா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். புத்தகத்தில் இந்தக் கேள்விக்கு அதிக இடம் கொடுப்பதில்லை. செம்பாக்கத்தில் வசிக்கும் உங்களுக்கு அதை விளக்க வேண்டிய அவசியமில்லை.

உங்கள் செம்பாக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2021-ல் இது தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. வேளச்சேரி சாலையின் இரண்டு பக்கமும் வீடுகள் எழும்பிக்கொண்டே இருக்கின்றன. அந்த வீடுகளைக் கட்டுகிறவர்கள் யார்? திருவண்ணாமலையிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் வந்த சித்தாள்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தம்பிமார்கள். சென்ட்ரிங் தகரம் முழங்கையைக் கிழித்துவிட்டது என்று ஒரு தம்பி வருகிறார். ஆறு தையல் போடுகிறோம். "எட்டு நாள் கழித்து வந்து பிரித்துக்கொள்" என்கிறோம். அவருக்குத் தமிழ் பாதி புரிகிறது. எட்டாம் நாள் அவர் எங்கே இருப்பார்? மேஸ்திரி அவரை ஒரகடத்துக்கு மாற்றியிருப்பார், அல்லது அவர் ரயிலேறி ஊருக்குப் போயிருப்பார். அந்தச் சித்தாள் அம்மாவுக்கோ, 2021-ல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்ததால் பஸ் காசு மிச்சம். ஆனால் ஒரு நாள் கூலி போனது போனதுதான். ஓ.பி. வரிசையில் காலை முழுவதும் உட்கார்ந்து, இரண்டு நிமிட வேலைக்காக ஒரு நாள் கூலியை இழக்க யாருக்கு மனம் வரும்? சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை ஏற்கும் அரசுத் திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. மிக நல்ல திட்டம். ஆனால் தையல் பிரிக்கும் எட்டாம் நாள் அந்த 48 மணி நேரத்துக்குள் வராதே.

வராதவர்களின் தையல் என்ன ஆகிறது என்று கேட்பீர்கள். சிலர் பக்கத்து அறைக்காரரிடம் பிளேடு கொடுத்து அறுத்துக்கொள்கிறார்கள். பாதி நூல் உள்ளேயே நின்றுவிடும். சிலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். மூன்று வாரம், ஒரு மாதம் கழித்து வேறு ஏதாவது தொந்தரவுக்காக வரும்போது பார்த்தால், நூலின் மேல் தோல் வளர்ந்து மூடியிருக்கும், ஒவ்வொரு துளையிலும் சிறு சீழ்க்கட்டி இருக்கும். காயக் கோட்டின் இரண்டு பக்கமும் குறுக்குக் கோடுகள் விழுந்து, பூரான் ஊர்ந்ததுபோல் தழும்பு நின்றுவிடும். அந்தக் குறுக்குக் கோடுகள் வெட்டுப்பட்டதால் வந்தவை அல்ல. தையலை அதிக நாள் விட்டுவைப்பதாலும் இறுக்கிக் கட்டுவதாலும் வருபவை. ஒரு பெண் பிள்ளையின் கன்னத்தில் அப்படி ஒரு பூரானை நாமே வரைந்துவிடுவது எவ்வளவு வேதனையான காரியம்!

நல்ல சமாரியன் உவமையை நீங்கள் அறிவீர்கள். எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயத்தைக் கட்டியதை எல்லாரும் பிரசங்கிக்கிறோம். சத்திரக்காரனிடம் பணம் கொடுத்து, தான் திரும்பி வரும்போது மீதியைத் தருவதாக அவன் சொன்னதை நான் டாக்டராக அதிகம் கவனிக்கிறேன். அங்கே திரும்பி வருவதாகச் சொன்னது உதவி செய்தவன், அடிபட்டவன் அல்ல. எங்கள் சீட்டில் மட்டும் அடிபட்டவனே திரும்பி வரவேண்டும் என்று எழுதுகிறோம்.

குழந்தைகளின் காரியம் தனி. தையல் போடும்போது மரத்துப்போக ஊசி போட்டிருக்கும். பிரிக்கும்போது அது இல்லை. பிரிப்பதில் உண்மையில் பெரிய வலி கிடையாது, ஆனால் மூன்று வயதுப் பிள்ளைக்கு அதைப் புரியவைப்பது யார்? கத்தரிக்கோலைக் கண்டதும் வீறிட்டு அலறும். அம்மா காலைப் பிடிக்க, சிஸ்டர் தலையைப் பிடிக்க, அப்பா கையைப் பிடிக்க, பலியாட்டைப் பிடித்ததுபோல் இருக்கும். கண் இமைக்குப் பக்கத்தில் கத்தரி முனையைக் கொண்டுபோகும்போது பிள்ளை தலையை வெட்டினால் என்னாகும்? கரையும் நூலால் தைத்திருந்தால் இந்தக் காட்சியே இல்லை. ஒரு வாரம், பத்து நாளில் உள்ளே இருக்கும் பகுதி பலமிழந்து அறுந்துவிடும். வெளியே இருக்கும் முடிச்சு கரையாது, குளிக்கும்போதோ துடைக்கும்போதோ கையோடு வந்துவிடும். "டாக்டர், தையல் அவிழ்ந்து விழுந்துவிட்டது" என்று பதறிக்கொண்டு வரும் தாய்மாரிடம், "அதுதான் அம்மா அதன் வேலை" என்று சொல்லி அனுப்புகிறோம்.

விலை என்று வரும்போது கரையும் நூல் ஒரு பாக்கெட் நைலானைவிட அதிகம்தான். ஸ்டோரில் கணக்குப் பார்க்கிறவர் அந்தப் பாக்கெட் விலையைத்தான் பார்ப்பார். அது அவருடைய கடமை. ஆனால் இரண்டாவது வருகையின் செலவு அந்தக் கணக்குப் புத்தகத்தில் வருவதில்லை. சிஸ்டரின் நேரம், தையல் பிரிக்கும் செட்டைக் கொதிக்கவைக்கும் செலவு, தாயின் ஒரு நாள் கூலி, ஆட்டோ இவற்றையெல்லாம் ஒரே தாளில் எழுதினால், விலை குறைந்த நூல் அவ்வளவு குறைந்ததாகத் தோன்றாது.

இதைக் கேட்டுவிட்டு, நாளை முதல் ஆஸ்பத்திரியில் நைலானையே தொடவேண்டாம் என்று யாரும் தீர்மானம் நிறைவேற்றிவிடாதீர்கள். நைலானுக்கு அதற்கென்று இடம் உண்டு. முழங்கால், முழங்கை, விரல் மூட்டு இவற்றின் மேல் வெட்டுப்பட்டால், ஒவ்வொரு முறை மடக்கும்போதும் காயம் இழுபடும். அங்கே சீக்கிரம் பலமிழக்கும் நூல் ஆகாது. உள்ளங்கையும் உள்ளங்காலும் அப்படியே. பத்து, பதினான்கு நாள் உறுதியாக நிற்கும் நூல் வேண்டும். ஆழமான காயத்தில் இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துகிறோம். உள்ளே இழுவிசையைத் தாங்கக் கரையும் நூல், மேலே தோலுக்கு நைலான். மேலே எதைப் போட்டாலும் இறுக்கம் இல்லாமல் படியும்.

சர்க்கரை நோயாளிகளின் கால் இன்னும் கவனத்துக்குரியது. காலில் உணர்ச்சி குறைந்திருக்கும். தைத்த மறுநாளே அவர் வலியில்லாமல் நடந்து போய்க் காய்கறி வாங்கிவருவார். தையல் கிழிந்தது அவருக்கே தெரியாது. இந்தப் பாடத்தை நம் தமிழ்நாட்டில் கற்றுக்கொடுத்தவர் டாக்டர் பால் பிராண்ட். 1914-ல் கொல்லிமலையில் மிஷனரித் தம்பதிகளுக்குப் பிறந்து, 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தவர். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயினால் அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் அவர்களே அறியாமல் தங்களைக் காயப்படுத்திக்கொள்கிறார்கள் என்று உலகத்துக்கு எடுத்துச் சொன்னார். வலி ஒரு ஈவு என்று அவர் எழுதியதைப் பலர் வாசித்திருப்பீர்கள். வலி இல்லாத பாதத்தில் புண் ஆறவேண்டுமானால் அந்தப் பாதத்துக்கு ஓய்வு கொடுக்க வேண்டும், அதற்கு மாவுக்கட்டுப் போட வேண்டும் என்பது அவர் பரப்பிய முறை. இன்று சர்க்கரைப் புண்ணுக்கும் அதே முறை பயன்படுகிறது. ஆகவே அப்படிப்பட்ட காலில் நைலான் போட்டு, அதிக நாள் விட்டுவைத்து, கட்டாயம் திரும்பி வரச்சொல்ல வேண்டும். வர முடியாதவர்களை ஆஸ்பத்திரியிலேயே தங்கவைத்தாலும் தவறில்லை.

எந்த நூலாலும் தைக்கக்கூடாத காயங்களும் இருக்கின்றன. இதை ஒவ்வொரு வீட்டிலும் சொல்லுங்கள். நாய் கடித்த காயத்தை உடனே தைக்கக்கூடாது. ஊசியால் ரேபீஸ் கிருமியை நரம்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களாவோம். முதலில் குழாயடியில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள், பதினைந்து நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று அப்போதுதான் தெரியும். பிறகு தடுப்பூசி. ஆழமான கடியாயிருந்தால் காயத்தைச் சுற்றிலும் இம்யூனோகுளோபுலின் மருந்து. அதற்குப் பிறகும் ரத்தம் நிற்காமலோ முகம் கிழிந்தோ இருந்தால் மட்டும், தளர்வாகச் சில தையல். "தையல் போடாமல் அனுப்பிவிட்டார்கள், கவனிக்கவில்லை" என்று அங்கலாய்க்கிறவர்கள் உண்டு. அங்கே தைக்காததுதான் நல்ல வைத்தியம். அதேபோல் சாக்கடைத் தண்ணீரும் மண்ணும் ஏறிய காயத்தையும், ஏற்கெனவே சீழ் வைத்த காயத்தையும் திறந்தே வைத்துச் சுத்தம் செய்து, நான்கைந்து நாள் கழித்துத் தைப்பது உண்டு.

நைலானைப் பற்றிப் பேசும்போது பட்டம் நினைவுக்கு வருகிறது. பட்டம் விடும் மாஞ்சா நூலால் சென்னையில் எத்தனை பேர் கழுத்து அறுபட்டிருக்கிறது என்று பத்திரிகையில் வாசித்திருப்பீர்கள். 2017-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் நைலான் மாஞ்சாவுக்கு நாடு முழுவதும் தடை விதித்தது. அந்த நைலானால் அறுபட்ட கழுத்தை நாங்கள் நைலானாலேயே தைக்க வேண்டியிருக்கிறது. வாலிபர் ஐக்கியத்துப் பிள்ளைகள் இதைக் கொஞ்சம் மனதில் கொள்ளட்டும்.

இன்னும் ஒன்று. தழும்பு எப்படி அமையும், சீழ் வைக்குமா என்பதை நூலைவிட அதிகமாகத் தீர்மானிப்பது கழுவுவதுதான். அரிவாள்மணை கையை வெட்டிவிட்டால் நம் வீடுகளில் முதலில் தேடுவது காபித்தூள். சிலர் மஞ்சள்தூள், சிலர் சுண்ணாம்பு. ரத்தம் நிற்பதுபோல் தோன்றும், உண்மைதான். ஆனால் அந்தத் தூளையெல்லாம் ஒவ்வொரு மணியாகக் கழுவி எடுத்த பிறகே எங்களால் தைக்க முடியும். எடுக்காமல் தைத்தால் தோலுக்குள் கறுப்புப் புள்ளிகளாகப் பச்சை குத்தியதுபோல் நின்றுவிடும். சுத்தமான குழாய்த் தண்ணீரால் நன்றாகக் கழுவுங்கள். குடிக்கத் தகுந்த தண்ணீரால் கழுவிய காயங்களில், ஆஸ்பத்திரி உப்புநீரால் கழுவியவற்றைவிடத் தொற்று அதிகமாகவில்லை என்று ஆய்வுகள் சொல்கின்றன. பிறகு துவைத்த துணியை வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். பெரும்பாலான ரத்தம் நின்றுவிடும். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டீர்கள் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு வாருங்கள்.

தலையில் அடிபட்ட பெண்களுக்கு ஒரு நற்செய்தி. 2002-ல் சிங்கப்பூர் மருத்துவர்கள் ஒரு முறையைச் சோதித்து எழுதினார்கள். காயத்தின் இருபுறமும் உள்ள சில முடிகளை எடுத்துக் குறுக்கே ஒரு முறுக்கு முறுக்கி, ஒரு சொட்டு மருத்துவப் பசை வைத்துவிடுவது. ஊசியும் இல்லை, நூலும் இல்லை, முடியைச் சிரைக்கவும் வேண்டாம். தலைமுடி நீளமாக உள்ள நம் தாய்மாருக்கு இது மிகவும் பொருத்தம். காயம் சிறிதாயும் ரத்தம் நின்றும் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. முகத்தில் சிறு காயங்களுக்கும் பசை உண்டு. ஆனால் பெவிக்விக்கை வீட்டில் முயற்சி செய்துவிடாதீர்கள்!

தழும்பைப் பற்றியும் கேட்பீர்கள். நம்மைப் போன்ற கருநிறத் தோலில், காது மடல், மார்பு, தோள்பட்டை ஆகிய இடங்களில் தழும்பு தடித்து வளரும் சுபாவம் சிலருக்கு உண்டு. கீலாய்டு என்கிறோம். உங்களுக்கோ உங்கள் குடும்பத்தாருக்கோ அது இருந்தால், தைப்பதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். எந்த நூலைப் போட்டாலும் தழும்பு முதல் இரண்டு மூன்று மாதம் சிவந்து தடித்து, பிறகு வெளுத்து அடங்கும். முழு உருவம் தெரிய ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். ஆறாவது வாரத்தில் கண்ணாடியைப் பார்த்து மனம் கலங்க வேண்டாம். அந்த நாட்களில் வெயில் நேராகப் படாமல் பார்த்துக்கொண்டால் கறுத்துப்போவது குறையும்.

இனி உங்கள் வீட்டிலோ, உங்கள் வீட்டில் வேலை செய்கிறவர்களுக்கோ, பக்கத்துக் கட்டடத்தில் இருக்கிறவர்களுக்கோ காயம்பட்டு, நீங்கள் கூடப் போகிறவர்களாயிருந்தால், மூன்று காரியங்களைச் செய்யுங்கள். தைப்பதற்கு முன்பே, "இவரால் திரும்பி வர முடியாது" என்று வாய் திறந்து சொல்லுங்கள். நோயாளி கூச்சத்தால் அதைச் சொல்லமாட்டார், "சரிங்க டாக்டர்" என்று தலையாட்டிவிடுவார். அடுத்து, எந்த நூல், எத்தனை தையல், எத்தனையாம் நாள் பிரிக்க வேண்டும் என்பதைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். வெளி மாநிலத்துத் தம்பியாயிருந்தால் அவருக்குத் தெரிந்த எழுத்தில் தேதியை எழுதிக்கொடுக்க ஒருவரைத் தேடுங்கள். மூன்றாவதாக, நைலான் போட்டிருந்தால், தைத்த இடத்துக்கே திரும்பி வரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதை அவருக்குச் சொல்லுங்கள். அந்தச் சீட்டைக் காட்டினால் அவர் இருக்கும் ஊரின் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சிஸ்டர் பிரித்துவிடுவார். ஐந்து நிமிட வேலை.

இங்கே தையல் செட் ஒன்றையும், மூன்று வகை நூல்களையும் கொண்டுவந்திருக்கிறேன். ஆறு பூஜ்யம் என்ற அந்த மெல்லிய நூல் ஏறக்குறைய ஒரு தலைமுடி பருமன்தான் இருக்கும், கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள். பின்வரிசையில் கை தூக்கிய அம்மா, நீங்கள் முதலில் கேளுங்கள்.